சுவரில் விழுந்த வெளிச்சம்

ஹெட் லைட் மங்கினால் எல்லாரும் முதலில் பல்பைத்தான் குறை சொல்லுவார்கள். பல்பு மட்டும் என்ன செய்யும்? செனோன் லைட் ஒரேயடியாகச் சாகாது, கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். முன்கண்ணாடி மஞ்சளாகும். உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற கிண்ணம் கருகும். மிச்சத்தை நம்முடைய உப்புக்காற்று பார்த்துக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் தெரியாது, கண் பழகிவிடும்.

நல்லரத்தினம் அண்ணன், நீங்கள் வாகரையிலிருந்து பஸ் ஏறி, கருவாட்டுப் பார்சலோடு கிரானுக்கு வந்து என் கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். “தம்பி, நீங்க சொன்ன சாட்சியாலதான் அவளுக்கு ஒரு நீதி கிடைச்சது” என்று கண் கலங்குகிறீர்கள். கருவாட்டை வாங்கிக்கொண்டு உங்களை வழியனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரே ஆளுடைய கார்தான் உங்கள் மனைவியையும் அடித்தது, என் மனைவியையும் அடித்தது. உங்களிடம் ஒளிக்க மனம் வரவில்லை. தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறிவிடும்.

என் மேனுகா தாய்வீட்டுக்குப் போக, விடியப்புறம் முதல் பஸ்ஸுக்காக வாகரை றோட்டோரம் நின்றவள். மீன் எடுக்க வாகரைக்குப் போய்க்கொண்டிருந்த ரதீஸ் முதலாளியின் கார் அவளை அடித்தது. லைட் மங்கல், ஆள் நின்றது தெரியவில்லை என்று அவர் சொன்னார். காரைப் பார்த்தவர்களும் ஓம், மங்கல்தான் என்றார்கள். தண்டம் கட்டினார், லைசென்ஸைக் கொஞ்சக் காலம் பறித்து வைத்தார்கள், அவ்வளவுதான். இப்போதும் நான் அவரை அவர் என்றுதான் சொல்லுகிறேன், கவனித்தீர்களா? இது ஆத்திரத்தில் செய்த வேலை இல்லை. வெறுப்பு இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அவருடைய பெயர் காதில் விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்ததும் அதே பழைய காரைக் கொண்டுவந்து என் கடை வாசலில் நிறுத்தினார். இந்தப் பக்கத்தில் செனோன் லைட்டைப் பிரித்துச் செய்கிறவன் நான் ஒருவன்தான். ஆனால் அவர் அதற்காக மட்டும் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

“அண்ணன், இதுல நீங்கதான் கை வைக்க வேணும். இனி மறுகா ஒருத்தருக்கும் அப்பிடி நடக்கக் கூடா.”

நல்ல பேச்சுத்தான். ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு வேறொன்று விளங்கியது. அவரைக் காப்பாற்றியது அந்த மங்கல். அதை எடுத்துவிட்டால் அடுத்த முறை சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது. அடுத்த முறை என்று ஒன்று மட்டும் வேண்டியிருந்தது.

வேலையில் நான் கள்ளம் செய்யவில்லை. லைட்டைச் சூடாக்கிப் பிரித்தேன். கருகிய கிண்ணங்களை மாற்றினேன். மஞ்சள் படிந்த கண்ணாடியைத் தண்ணீர் விட்டுச் சாண்ட் பேப்பரால் தேய்த்து, பாலிஷ் போட்டேன். பல்பு இரண்டும் புதிது. பிறகு லைட்டின் பின்பக்கத்தில் இருக்கிற திருகாணியைத் திருப்பி, இரண்டையும் கீழே பார்க்க வைத்தேன். அந்தக் காரில் தூர லைட்டும் அதே கிண்ணத்துக்குள்தான் எரியும், அதனால் அதுவும் சேர்ந்து குனிந்தது. வெளிச்சம் முழுவதும் பம்பருக்கு முன்னால் பால் கொட்டியது போலக் கிடக்கும். அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. கிட்ட அவ்வளவு பளிச்சென்று இருந்தால், தூரமும் தெரிகிறது என்றுதான் ஓட்டுகிறவர் நினைப்பார். வேகத்தைக் கூட்டவும் செய்வார்.

லைட் வேலை முடிந்தால் காரைச் சுவருக்குக் கிட்ட நிறுத்தி, எரியவிட்டுக் காட்டுவது எங்கள் பழக்கம். சுவர் வெளுத்தால் எல்லாருக்கும் திருப்தி. அத்தனை கிட்ட நின்றால் லைட் எங்கே பார்க்கிறது என்று பிடிபடாது. வெட்டவெளி றோட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. ரதீஸும் சுவரைத்தான் பார்த்தார். இனிமேல் நிம்மதியாக ஓடலாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காரை அன்றைக்கே கொடுக்கவில்லை. லைட்டைத் திரும்ப ஒட்டிய பசை காய வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். கதிர்காம முருகனிடம் பாதயாத்திரை போகிறவர்கள் வந்துகொண்டிருந்த நேரம். வெயில் ஏற முன் தூரத்தைக் கடக்க வேண்டும் என்று அவர்கள் விடிவெள்ளிக்கு முன்பே றோட்டோரமாக நடக்கத் தொடங்குவார்கள். வாகரைக் கோயிலில் என்றைக்குத் தங்குகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், கிரானுக்கு வந்ததும் அவர்களுக்கு இங்கே அன்னதானம். நானும் அரிசி கொடுத்திருந்தேன். அவர்கள் வாகரைக்கு வந்து சேர்ந்த அன்று பின்னேரம் சாவியை ரதீஸின் கையில் கொடுத்தேன். அடுத்த நாள் விடியப்புறம் இருட்டோடு மீன் எடுக்க அவர் அந்த றோட்டில்தான் போவார்.

இன்னார் என்று நான் நினைக்கவில்லை, அண்ணன். உங்கள் மனைவி இலட்சுமிப்பிள்ளை அக்கா எல்லாருக்கும் முன்னால் நடப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர், ஒருவர் போதும் என்றுதான் இருந்தேன். ஒருவர்தான் போனார். நான் நினைத்ததற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அடித்த வேகத்தில் லைட்டைக் காரோடு பிடித்திருந்த பிளாஸ்டிக் காதுகள் உடைந்துவிட்டன. அது எங்கே பார்த்தது என்று பிறகு யாராலும் அளக்க முடியவில்லை. பொலிஸ் முற்றத்தில் வயர் கொடுத்துப் போட்டுப் பார்த்தார்கள், சுவர் வெளுத்தது. நீதிமன்றத்தில் என்னைக் கேட்டபோது, லைட் புதிது போல எரிந்தது என்றேன். அதில் பொய் இல்லை. அவரைக் கேட்டபோது, “லைட் நல்லாத்தான் எரிஞ்சது ஐயா. ஆனா அவவ நான் காணல்ல” என்றார். அதை யார் நம்புவார்கள்? முதல் சாவையும் கணக்கில் எடுத்து, கம்பி எண்ண அவரை மறியலுக்கு அனுப்பினார்கள். மேனுகா போன பிறகு அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஏன் எழும்பிவிட்டீர்கள்? இருங்கள். உங்களை அழவைக்க நான் இதைச் சொல்லவில்லை. மகளுக்கு ஒரு பிள்ளை கிடைக்க வேண்டும் என்று நேர்த்தி வைத்து அக்கா நடந்ததாகச் சற்று முன் நீங்கள்தான் சொன்னீர்கள். அடுத்தவருக்காக நடந்த மனுசி. ஒரு பெண்ணுக்கு நீதி கிடைக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது என்று விளக்கிச் சொல்லியிருந்தால், அக்கா என்னை மறுத்திருக்கவே மாட்டார்.