ஜெரி டூடெக்கின் பல்செட்

பல்செட் போட்டவர்களால் பியூகிள் கொம்பு ஊத முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாராளமாக ஊதலாம். செட்டை ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் முன்வரிசையில் பதினான்கு பேர் ஊதுகிறார்கள். அதில் ஆறு பேருக்கு வாயில் இருப்பது என் கைவேலை.

நீங்கள் லைசென்ஸ் விஷயமாக வந்திருக்கிறீர்கள். அதை முதலில் முடித்துவிடலாம். என்னிடம் லைசென்ஸ் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு பல் லேபில் இருந்தேன். டாக்டர் வாயைப் பார்த்து அளவெடுத்து அனுப்புவார், நான் செட் செய்து அனுப்புவேன். நானே ஒரு ஆளை உட்காரவைத்து வாயில் கைவைக்க இந்த மாநிலத்தில் அனுமதி கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு, வீட்டின் கீழ்த்தளத்தில் இந்த மேஜையைப் போட்டு நண்பர்களுக்கு மட்டும் செய்தேன். தப்புதான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பெர்னி டூடெக் உங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டது லைசென்ஸுக்காக இருக்காது. புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். எங்கோ ஏதோ சரியில்லை என்று மட்டும் அவளுக்குப் படுகிறது. முழுசாகத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதனால் நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்களைப் பேண்டு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மில் ஸ்ட்ரீட் கிரெனடியர்ஸ் ஒரு டிரம் பியூகிள் அணி. கிளாரினெட், புல்லாங்குழல் எதுவும் கிடையாது. டிரம், பியூகிள், கொடி. மைதானத்தில் அணிவகுத்து நடந்துகொண்டே வாசித்து, மற்ற அணிகளோடு மார்க்குக்கு மோதுவோம். பாஸேயிக் ஆற்றோரத்து மில் வீடுகளில் ஒன்றாக வளர்ந்தவர்கள் நாங்கள். 1972ல் அணி கலைந்தது. 2009ல், தலை நரைத்து முழங்கால் தேய்ந்த பிறகு, மறுபடி கூடினோம். பழைய ஆட்கள் மட்டும்தான், புதிதாக ஒருவரையும் சேர்ப்பதில்லை. முன்னால் நின்று அணியை நடத்துகிறவள் டோலரஸ் ஃபஸ்கோ. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், குரலிலேயே தெரியும்.

கூடிய அன்றைக்கே டோலரஸ் ஒரு விதி போட்டாள். எழுபத்திரண்டில் தனியாக வாசிக்கும் பகுதிகளில் யார் எந்த சோலோவை வாசித்தார்களோ, அது அவர்களுடையது. அவர்களாக விட்டுக்கொடுத்தால் ஒழிய யாரும் கேட்கக்கூடாது. விட்டுக்கொடுப்பதென்றால் எல்லோர் முன்னாலும் வந்து, தன் பியூகிளில் உதடு வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றி அடுத்தவன் கையில் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அது யாரும் போட்ட விதி அல்ல, தானாக வந்தது. யாராவது உடம்புக்கு முடியாமல் படுத்தால் அந்த வருஷம் முழுக்க அவர் இடத்தைக் காலியாகவே விடுவோம். அவர் வாசிக்க வேண்டிய பகுதி மௌனமாகவே போகும். 2011ல் சிம்பல் அடிக்கும் வால்ட் சிகோராவுக்கு இதய ஆபரேஷன் ஆனது. வரிசையில் ஓர் ஆள் அளவுக்கு இடைவெளியை விட்டுக்கொண்டே நடந்தோம். நடுவர்கள் மார்க்கைக் குறைத்தார்கள், தோற்றோம். யாரோ முணுமுணுத்தபோது டோலரஸ் திரும்பிப் பார்த்தாள்.

"மார்க் போனா மயிரே போச்சு. அது வால்ட் எடம். எவனாவது அங்க கால வச்சீங்க, அந்தக் கால நானே ஒடிச்சிருவேன்."

இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லையென்றால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

எங்கள் நிகழ்ச்சியில் பெரிய சோலோ ஒன்று உண்டு. அரை நிமிஷத்துக்கும் குறைவுதான். கடைசியில் உச்ச ஸ்வரத்தைப் பிடித்து எட்டு எண்ணும்வரை நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் கூட்டம் எழுந்து நிற்கும். அது ஜெரி டூடெக்கின் சோலோ. அவனுக்கு வலப்பக்கத்தில் நின்று, துணையாகக் கீழ் ஸ்வரப் பகுதியை ஊதுகிறவன் நான். எழுபத்திரண்டில் எங்கள் இருவரையும் வாசிக்கவைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஜெரி மூன்று இடத்தில் தப்பினான். நான் ஓர் இடத்திலும் தப்பவில்லை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் வாசிப்பில் உயிர் இருக்கிறதாம். உயிருக்கு மார்க் போடுகிற நடுவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

2013 இலையுதிர்காலத்தில் ஜெரி இந்தப் படியில் இறங்கி வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தான்.

"டேய் பல்லு," என்றான். அணியில் எனக்கு அதுதான் பெயர். "மேல் பல்லு எல்லாத்தையும் டாக்டர் புடுங்கிட்டான்டா. பொறந்த கொழந்த மாதிரி இருக்கேன்னு பெர்னி சிரிக்கிறா. அந்த டாக்டரு செட்டு எனக்கு வேணாம், அவனுக்கு பியூகிளப் பத்தி என்ன தெரியும்? வாய உன்கிட்ட குடுத்துட்டேன். என்ன வேணா பண்ணிக்க. அந்தக் கடைசி ஸ்வரம் மட்டும் போயிரக் கூடாது."

போகாது என்றேன். ஈறு ஆறியதும் அளவெடுத்தேன். நான் செய்ததிலேயே மிக நல்ல மேல் செட் அது. மாட்டிக்கொண்டு இங்கேயே ஊதிப்பார்த்தான். ஸ்வரம் சுத்தமாக வந்தது, சொந்தப் பல்லில் வந்ததைவிட நன்றாகவே வந்தது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்சம் மெருகு போட வேண்டும், வியாழக்கிழமை வா என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அது மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துப் போகலாம்.

வியாழக்கிழமை நான் கொடுத்தது வேறொன்று. முன்பற்களை அரை மில்லிமீட்டர் உள்பக்கம் சாய்த்திருந்தேன். பேசலாம், சிரிக்கலாம், ஆப்பிள்கூடக் கடிக்கலாம். உச்ச ஸ்வரத்துக்காக அழுத்தும்போது மட்டும் மவுத்பீஸ் ஒரு மயிரிழை நழுவும். வலிக்காது. ஓர் ஆளைத் துன்புறுத்தும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அவனாக விட்டுக்கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத்தான் செய்து கொடுத்தேன்.

குளிர்காலப் பயிற்சி தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில், ஞாயிறுதோறும். ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஸ்வரம் உடைந்தது. மற்றவர்கள் குனிந்து ஷூவைப் பார்ப்பார்கள். ஜெரி சிரிப்பான். "அது பியூகிள் இல்லப்பா, என் முழங்கால் சத்தம்," என்பான். சனிக்கிழமை ஆனால் இங்கே வந்துவிடுவான், கையில் பெர்னி செய்த கீல்பாசா சாசேஜ் பொட்டலத்தோடு. இங்கே இடிக்கிறது, அங்கே இடிக்கிறது என்பான். சொன்ன இடத்தைத் தேய்த்துக் கொடுப்பேன். சொல்லாத இடத்தையும் கொஞ்சம் தேய்ப்பேன்.

கிறிஸ்துமஸுக்குள் விட்டுவிடுவான் என்று நினைத்திருந்தேன். விடவில்லை. தினமும் கார் ஷெட்டில் நின்று இரண்டு மணி நேரம் சாதகம் செய்ய ஆரம்பித்தான். ஒருநாள் தேவாலய வாசலில் பெர்னி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உதடெல்லாம் வெடிச்சு ரத்தம் வருது நார்பர்ட். சொன்னா கேக்க மாட்டேங்குறான். வேற செட்டு ஏதாவது பண்ணிக் குடேன்."

"செட்டுல ஒண்ணும் இல்ல பெர்னி. வயசாச்சுல்ல, உதட்டுச் சதை தளந்து போச்சு."

இது பொய் என்று நீங்கள் எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அறுபதைத் தாண்டினால் யாருக்குத்தான் தளராது? இத்தனை பிடிவாதம் ஜெரிக்குத் தேவையே இல்லை. இனி நீயே வாசி என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

மார்ச் பதினைந்து, சனிக்கிழமை. நாக்கில் புண் ஆறவே மாட்டேன் என்கிறது, ஆறு வாரமாக இருக்கிறது என்றான். "உன் செட்டுதான் குத்துதுடா பல்லு," என்றான். விளக்கை இழுத்து, கையுறை போட்டுக்கொண்டு பார்த்தேன். நாக்கின் அடியில், இடப்பக்கம். வெள்ளைத் திட்டு, நடுவில் குழிந்து சிவந்திருந்தது. விரலால் தொட்டேன். ஓரம் கட்டியாக இருந்தது.

நான் செய்தது மேல் செட். அது அண்ணத்திலும் மேல் ஈறிலும் உட்காரும். நாக்கின் அடிக்கு அது போகவே போகாது. லேபில் என் மேஜைக்கு நேரெதிரே வாய்ப்புற்று பற்றிய ஒரு படம் ஒட்டியிருந்தது, முப்பத்தொரு வருஷமாக. இரண்டு வாரத்தில் ஆறாத புண், கட்டியான ஓரம், உடனே டாக்டரிடம் அனுப்பு என்று கீழே எழுதியிருக்கும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் மதியச் சாப்பாடு சாப்பிடுவேன்.

"செட்டுதானேடா?" என்று கேட்டான்.

"செட்டுதான்," என்றேன். "தேச்சுத் தர்றேன். உப்புத் தண்ணில வாய் கொப்பளி."

செட் காரணமாக அந்த வியாதி வரவில்லை. டாக்டர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். இதையும் தயவுசெய்து எழுதுங்கள். நான் யாருக்கும் வியாதியைக் கொடுக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். அன்று சொல்லியிருந்தால் திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். அவன் இடம் காலியாகியிருக்கும், அவன் சோலோ மௌனமாகியிருக்கும், அந்த வருஷம் முழுக்க. டோலரஸ் அந்த அரை நிமிஷமும் எங்களைச் சும்மா நிற்கவைத்திருப்பாள், மற்றவர்களும் அழுதுகொண்டே நின்றிருப்பார்கள். அடுத்த வருஷம் எனக்கு உதடு இருக்குமா, முழங்கால் இருக்குமா, யாருக்குத் தெரியும்? ஜெரி நோயாளியாக விலகினால் எனக்கு ஒன்றுமில்லை. வாசிக்க முடியாதவனாக விலகினால்தான் அது எனக்கு வரும். கொஞ்ச நாள்தானே பொறுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மே மாதம் வந்தது. தீயணைப்பு நிலையத்தின் பின்பக்கம், வண்டி நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றிருந்தோம். ஜெரி வரிசையை விட்டு முன்னால் போனான். மவுத்பீஸைக் கழற்றி நிதானமாகச் சட்டையில் துடைத்து, என்னிடம் நீட்டினான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இது எழுவத்திரெண்டுலயே இவனுக்குப் போயிருக்கணும். அன்னிக்கு நான் மூணு எடத்துல சொதப்பினேன். இவன் ஒண்ணுல கூடச் சொதப்பல. எனக்குத் தெரியும்டா பல்லு. வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல."

எல்லோரும் கைதட்டினார்கள். டோலரஸ் அழுதாள். நான் மவுத்பீஸை வாங்கிக்கொண்டேன். அவனும் எண்ணியிருப்பான் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் இதெல்லாம் எதற்கு? சில சமயம் அதை நினைத்தால் அவன்மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது.

சோலோதான் கைக்கு வந்துவிட்டதே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றால், அதுவும் நடக்காது. ஜெரி என் வலப்பக்கம் வந்து கீழ்ப்பகுதியை ஊத ஆரம்பித்திருந்தான். அவன் படுத்தால் அந்த இடத்தையும் காலியாக விட்டே நடத்துவார்கள், வால்ட் வருஷம் மாதிரியே தோற்போம், அவர்கள் அப்படிப்பட்டவர்கள். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்குத்தான் போட்டி. மூன்றரை மாதம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் விளக்கை இழுத்துப் பார்த்தேன். எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியும். ஜூலையில் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வெயில் காலத்தில் நெறி கட்டும் என்று சொன்னேன். தலையாட்டினான். எனக்கு அந்த நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை. என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள்.

போட்டியன்று ஸ்வரம் உடையவில்லை. எட்டு எண்ணினேன், ஒன்பதாவதும் நின்றது. கூட்டம் எழுந்தது. ஒரு மார்க்கில் பத்தில் மூன்று பங்கு வித்தியாசத்தில் கோப்பை எங்களுக்கு. ஜெரிதான் முதலில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். கைக்குட்டையில் ரத்தம். காதருகே ஏதோ சொன்னான், புரியவில்லை. நாக்கு அவ்வளவு தடித்திருந்தது. சந்தோஷமாகத்தான் ஏதோ சொன்னான்.

அடுத்த வாரம் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போனதும் பெர்னி அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் நகக்கண் அளவு வெட்டி அனுப்பியிருப்போம், இப்போது பாதி நாக்கு என்றார்கள். பெர்னியின் கடிதத்தில் இந்த வரி இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஆறு மாதம் எங்கே போனது என்றுதானே தேடுகிறீர்கள்? இங்கேதான் இருந்தது, இந்த விளக்கின் கீழே. அது என்ன வியாதி என்று எனக்கு மார்ச் பதினைந்திலிருந்து தெரியும். விட்டால் ஆளைக் கொல்லும் என்பதும் தெரியும். தெரிந்துதான் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னேன். பிப்ரவரியில் இறந்தான்.

அதற்கு முன்னால், அக்டோபரில் ஒருநாள் அவனை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போயிருந்தேன். பெர்னி காபி வாங்கக் கீழே போயிருந்தாள். அவனால் பேச முடியாது, ஒரு சின்னப் பலகையில் எழுதிக் காட்டுவான். வெகுநேரம் எழுதினான். பிறகு என் பக்கம் திருப்பினான். 'இத்தன மாசமா உன் செட்டத்தான் கொற சொல்லிட்டு இருந்தேன். அது வியாதியாம்டா. உன் வேலையில ஒரு தப்பும் இல்ல. மன்னிச்சிரு பல்லு.'

படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிட்டேன் என்றேன். மனதாரத்தான் மன்னித்தேன்.