பதாகை உடுத்திய தூண்

இந்தக் கையளிப்பு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, மண்டபத்தின் சாவியைப் பெற்றுக்கொள்ள வந்திருக்கும் நகராட்சி அதிகாரி அவர்களே, மாடிகளிலிருந்து இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மைதானத்துக் கூடாரங்களிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வந்து பின்வரிசையில் தயங்கித் தயங்கி அமர்ந்திருக்கும் பக்கத்துத் தெரு மக்களே, இத்தனை பேருக்கு மேலே மூன்று மாடிகளையும் முணுமுணுக்காமல் சுமந்து நிற்கும் நான்கு தூண்களே, அதிலும் விழாவுக்கென்று உடை உடுத்தி நிற்கும் அந்த ஒற்றைத் தூணே! அனைவருக்கும் என் வணக்கம்.

தூணுக்கு வணக்கமா என்று முன்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்தபடியே, கடைசியில் இருப்பவர்கள் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வையுங்கள். காற்றுக்காக என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவ்வளவு நேரம் நான் எடுக்கப்போவதில்லை.

நிலநடுக்கத்தை அளப்பது என் தொழில். பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "ரிக்டர்ல எத்தனை புள்ளி மேடம்?" ஊர் முழுதுக்கும் புள்ளி ஒன்றுதான். ஆனால் ஆட்டம் ஒன்றா? ஒரே பேருந்து ஒரே பள்ளத்தில் இறங்குகிறது. முன்சீட்டுக்காரர் தூக்கம் கலையவில்லை. கடைசி சீட்டுக்காரர் தலை கூரையில் இடிக்கிறது. பாறைமேல் இருப்பவர் முன்சீட்டு. ஆற்று மணல்மேல் இருக்கும் நீங்களும் நானும் கடைசி சீட்டு.

இந்த ஊருக்கு இரண்டே கருவிகள். ஒன்று குன்றின்மேல், நீர்த்தொட்டி அறையில். மற்றொன்று கல்லூரியின் அடித்தளத்தில். இடையிலுள்ள தெருக்கள் எவ்வளவு ஆடின என்று யார் சொல்வது? மக்கள்தான். விளக்கு ஆடியதா, பாத்திரம் உருண்டதா, நின்றவர் விழுந்தாரா என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்துக் கேட்கிறோம். உங்கள் பதிலை வைத்துத் தெருத் தெருவாக நிறம் தீட்டுகிறோம். அந்த நிறத்தை வைத்துத்தான் எங்கே சேதம் இருக்கும், எங்கே ஆளை அனுப்புவது, எங்கே ஆளைத் தங்கவைப்பது என்று நகராட்சி முடிவெடுக்கிறது.

அப்படித் தீட்டிய வரைபடத்தில் இந்த வட்டாரம் முழுதும் சிவப்பு. நடுவே ஒரே ஒரு பச்சைப் புள்ளி. அது இந்தக் கட்டடம்!

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள்.

பக்கத்துத் தெருவும் அதே மணல், நீங்களும் அதே மணல். அங்கே சுவரைச் சாய்த்த நிலநடுக்கம் உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டதா? ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள். இங்கே ஒரு கட்டடமே ஒரே குரலில் சொல்கிறது: "விளக்கு லேசாக ஆடியது." வேறு எதுவும் ஆடவில்லையா? யாருக்கும் ஆடவில்லையா?

எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் என் பிழைப்பு. "உப்பு போட்டாச்சான்னு மூணு தடவ கேப்பா, அப்புறமும் நக்கிப் பாத்துட்டுத்தான் நம்புவா" என்பார் என் கணவர். அதனால்தான் இன்று மதியமே வந்து மாடியேறினேன்.

மூன்றாம் மாடியில் தையல்காரம்மா வீடு. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பீரோவைப் பார்த்தேன். அது பாதி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

"பீரோ எப்பவும் இங்கதானாம்மா?"

"ஆமா மேடம். காத்து ரொம்ப வருது, அதான்."

"காத்து வருதுன்னு பீரோவ வச்சீங்க. அப்புறம் ஃபேன் எதுக்கும்மா ஓடுது?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

"பக்கத்துத் தெருவுல கதவுல சிவப்பு மை அடிச்சு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க. எங்க மாமனார் படுத்த படுக்கை. அவரக் கூடாரத்துல கொண்டுபோய்ப் போடச் சொல்றீங்களா? 'எல்லாரும் லேசான ஆட்டம்னு போட்டுருங்க, எவனும் வந்து பாக்க மாட்டான்'னு தலைவர் சொன்னாரு. போட்டோம்."

பீரோவுக்குப் பின்னால் சுவர் வெடித்திருந்தது. முதல் மாடியில் ஒரு காலண்டர் முழங்கால் உயரத்தில் தொங்குகிறது. தேதி பார்ப்பது யார், பூனையா?

தாய்மார்களே, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வீட்டைக் காப்பாற்ற நினைத்தீர்கள். ஆனால் நடந்ததைப் பாருங்கள்! நீங்கள் மறைத்ததை என் வரைபடம் நம்பியது. என் வரைபடத்தை நகராட்சி நம்பியது. ஊரிலேயே உறுதியான கூரை இதுதான் என்று, பின்வரிசையில் இருக்கும் இந்தக் குடும்பங்களை இன்றிரவு முதல் இந்த மண்டபத்தில் படுக்கவைக்கப் போகிறார்கள். மேலே உங்கள் மாமனார், கீழே அவர்கள் பிள்ளைகள். நடுவே என்ன இருக்கிறது?

நான்கு தூண்கள் இருக்கின்றன.

தூண்களைக் காட்டுங்கள் என்று மதியமே தலைவரிடம் கேட்டேன். "மண்டபத்தைப் பூட்டியாச்சு, மேடையிலேருந்து நல்லாத் தெரியும் மேடம்" என்றார். தெரிகிறது ஐயா. பின்சுவர் முழுவதும் காலியாகக் கிடக்கிறது. என் வரைபடத்தை அச்சடித்த இத்தனை பெரிய வரவேற்புப் பதாகையை அதில் மாட்டாமல், ஓரத்துத் தூணைச் சுற்றி ஏன் கட்டியிருக்கிறீர்கள்? மற்ற மூன்று தூண்களுக்கும் குளிரவில்லையா?

நீங்கள் எழ வேண்டாம். நானே அவிழ்க்கிறேன்.

இதோ.

மூலைக்கு மூலை குறுக்காக இறங்கும் விரிசல். அதை மறைக்க மேலே பூசிய பட்டி மாவு இன்னும் காயவில்லை. என் விரலில் ஒட்டுகிறது, பாருங்கள். இந்தக் கட்டடம் விழும் என்று நான் சொல்லவில்லை. விழாது என்று சொல்ல என்னிடம் அளவு இல்லை. பின்னதிர்வு இன்னும் ஓயவில்லை. இந்த நிலையில், உங்கள் வார்த்தையை நம்பி ஒரு குழந்தையையும் நான் இங்கே படுக்க விட மாட்டேன்.

தலைவர் ஏதோ சொல்கிறார்... "பேர் கெட்டுப்போயிடும்" என்கிறார். கெடட்டும் ஐயா. ஆட்கள் இருந்தால் பேரைத் திரும்பச் சம்பாதித்துக்கொள்ளலாம்.

அங்கே யார் எழுந்து நிற்பது? தையல்காரம்மாவா? சத்தமாகச் சொல்லுங்கள். "மாமாவ எப்படி இறக்குறது?" நியாயமான கேள்வி. யார் வருகிறீர்கள்? பின்வரிசையில் நான்கு பேர் எழுந்துவிட்டார்கள்; கூடாரத்துக்காரர்கள். என்ன சொல்கிறீர்கள் ஐயா? "நாற்காலியோட தூக்கிருவோம்மா. எங்க கூடாரத்துல எடம் பண்ணிக்கலாம். வாங்க."

கேட்டீர்களா? உங்களிடம் இடம் கேட்டு வந்தவர்கள் உங்களுக்கு இடம் தருகிறார்கள்!

அதிகாரி அவர்களே, அந்தச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். மக்களை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு அல்ல, யாரும் உள்ளே வராமல் பூட்டுவதற்கு. மாடிக்குப் போகும் அந்த நால்வரைத் தவிர யாரும் படியேற வேண்டாம். கதவு திறந்துதான் இருக்கிறது. கடைசி வரிசை முதலில், ஓடாமல், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடங்கள். தள்ளாதீர்கள். செருப்பைத் தேடாதீர்கள்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், கோபத்தோடு கேட்டவர்களுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும், விடைபெறும் வணக்கமும் சொல்ல வேண்டும். இரண்டையும் மைதானத்தில், ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.