பெடல்ல உசுரு இல்ல

இல்ல தம்பி, எதையும் கழட்ட வேணாம். அந்த ஒயரை மட்டும் சொருகிட்டு உட்காருங்க. கம்பெனியில இருந்து மூணாவது தடவையா வந்திருக்கீங்க, இன்னிக்கும் வண்டிக்கு அடியிலயே படுத்துக் கெடந்தா எப்படி. இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. ஆடும், பயப்படாதீங்க. இதுவரைக்கும் யாரையும் கவுத்ததில்ல.

முதலாளியம்மாவா? நாலு மணிக்கு வருவாங்க. வந்ததும் இந்த வண்டியத் திருப்பி எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றதா இருக்காங்க. தெரியுமா? ஓ, உங்க மேனேஜரே சொல்லிட்டாரா. இன்னிக்கும் சரியாகலன்னா உங்களக் குடோனுக்கு மாத்திடுவேன்னு வேற சொன்னாராம்ல. நம்ம வாட்ச்மேன் சொன்னான். வேலைய விட்டுட்டு ஊர்க்கதைய காவல் காக்குற ஆளு அவன்.

பாவம், அம்மா ஆசையா வாங்கின வண்டி. அறுபது முடிஞ்சதும் தனக்குத்தானே வாங்கிக்கிட்டாங்க. ரெண்டே சீட்டு, கண்ணாடி மாதிரி கறுப்பு. மூணு மாசமாச்சு, இன்னும் ஸ்டியரிங்கத் தொடல. யாரால? என்னாலதான். இந்த வீட்டுக்கு எந்த வண்டி வந்தாலும் முதல்ல நான் ஓட்டிப் பாக்கணும், நான் சரின்னாத்தான் அம்மா ஏறுவாங்க. இருபத்தாறு வருசமா அதுதான் வழக்கம். ஒருநாள் அவங்க தம்பி வந்து கேலி பண்றாரு, என்னக்கா, டிரைவர் சொன்னாத்தான் மூச்சே விடுவியான்னு. அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அவரு வாய நான் நம்பல, அவரு கால நம்புறேன்டான்னாங்க. ரெண்டு நாள் எனக்குச் சோறே எறங்கல தம்பி, சந்தோசத்துல.

சும்மா சொல்லல அவங்க. அதோ மூலையில நிக்குது பாருங்க, பழைய செவப்பு வண்டி. அதை ஓட்டினா ரோட்டுல கெடக்குற காசு மேல ஏறினாக் கூட பூவா தலையான்னு சொல்லிடுவேன். சிரிங்க, சிரிங்க. கொஞ்சம் கூட்டித்தான் சொல்றேன். ஆனா ரொம்பக் கூட்டல.

இந்தப் புதுசு இருக்கே, இது வண்டியா, மாமியாரா? ரோட்டுல போட்ட வெள்ளைக் கோட்ட லேசாத் தொட்டாப் போதும், ஸ்டியரிங்கப் புடிச்சு இந்தப் பக்கம் இழுக்குது. வளைவுல ஆக்சிலேட்டரை மிதிச்சா, யோசிச்சுப் பாத்துட்டுப் பாதியத்தான் குடுக்குது. அது வீட்டுக் காசக் கேட்ட மாதிரி. ஒரு மணி நேரம் ஓட்டினா காப்பி கப்பு படத்தைப் போட்டு ஓய்வெடுங்கங்குது. காப்பி வருமான்னா வராது. அந்த உறுமல் வேற. நான் அன்னிக்கே சொன்னேன்ல, இது எஞ்சின்ல இருந்து வரல, கதவுக்குள்ள இருந்து வருதுன்னு. நீங்களும் கதவுல காத வச்சுக் கேட்டுட்டு, ஆமாண்ணே, ஸ்பீக்கர்தான்னு ஒத்துக்கிட்டீங்க. புலி வேசம் கட்டின மாதிரி, வேசக்காரன் வேற, உறுமுறவன் வேற.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். பிரேக்கைத்தான் பொறுக்க முடியல. பெடல்ல உசுரு இல்லன்னு சொன்னேன், பஞ்சு மூட்டைய மிதிக்கிற மாதிரி இருக்குன்னு சொன்னேன். நீங்க சொன்னீங்க, அண்ணே, இதுல உங்க கால் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லுது, புடிக்கிறது கம்ப்யூட்டர்தான்னு. அப்படிப் போடு, அதான் உசுரு இல்லன்னு நான் அம்மாகிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன். போன தடவை ஒயர் சொருகுற இந்தப் பொட்டியப் பாத்து ஒரு கணக்குச் சொன்னீங்களே, மூணு மாசத்துல நாப்பத்தொரு தடவை வண்டி தானாவே பிரேக் புடிச்சிருக்குன்னு. அதுக்கும் நான் வண்டியத்தான் திட்டினேன், மனுசன் மிதிக்கிறதுக்குள்ள இந்த அவசரக்குடுக்கை முந்திக்குதுன்னு.

இருங்க, வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

நேத்து அந்தச் செவப்பு வண்டி வந்துச்சு. ஆறு மாசமா எஞ்சின் வேலைக்குப் போயிருந்தது. புதுப் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போற மாதிரி வெளிய எடுத்தேன். தெருமுனையில பிரேக்க மிதிக்கிறேன், பஞ்சு மூட்டை. அதே பஞ்சு மூட்டை தம்பி! அந்த வண்டியில கம்ப்யூட்டர் ஏது? அதுல கடியாரமே ஓடாது. அங்கயே நிறுத்தி மெக்கானிக்குக்குப் போன் போட்டு, பிரேக்குல என்னடா பண்ணித் தொலைச்சன்னு கத்தினேன். அவன் அந்தப் பக்கமே போகலண்ணேங்குறான். நான் நம்பல. கொஞ்ச தூரம் போனா சிக்னல். முன்னாடி ஒரு வேன் நிக்குது. மிதிச்சேன்னுதான் நெனச்சேன். கால் பாதி பெடல்லயும் பாதி வெளியிலயும் இருந்திருக்கு. அவசரக்குடுக்கை யாரும் இல்ல அதுல, முந்திக்கிட்டுப் புடிக்க. கை பிரேக்க இழுத்து நிறுத்தினேன். வேனுக்கும் நமக்கும் ஒரு சாண் இருந்திருக்கும்.

அதுக்கு மேல ஓட்டல. மெக்கானிக்கையே வரச்சொல்லி ஓட்டிட்டு வந்து விடச்சொன்னேன். பிரேக்கு கல்லு மாதிரி இருக்குண்ணேன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

வீட்டுக்குப் போய் ஷூவக் கழட்டுறேன், உள்ள இருந்து ஒரு ஸ்க்ரூ விழுது. இத்தனூண்டு. காலையில போட்ட ஷூ. சாக்ஸெல்லாம் ரத்தம், எனக்கு ஒண்ணுமே தெரியல. வீட்டுக்காரி பாத்துட்டு, கண்ண மூடுங்கன்னா. ஸ்பூனால தொடுறேன், எந்த வெரல்னு சொல்லுங்கன்னா. நானும் கெத்தா, கட்ட வெரல், சுண்டு வெரல், நடு வெரல்னு சொல்லிட்டே போறேன். கண்ணத் தொறந்து பாத்தா அவ அடுப்படி வாசல்ல நிக்குறா. ஸ்பூனை எடுத்துட்டுப் போய் எவ்வளவோ நேரமாச்சுங்குறா.

காலையில டாக்டர் பாத்துட்டாரு. சக்கரையாம். ரொம்ப நாளாவே இருந்திருக்கு, பாதத்துல நரம்பு செத்துப்போச்சு, இனிமே வண்டியத் தொடாதீங்கன்னுட்டாரு. நாப்பத்தொரு தடவையும் இந்தப் புது வண்டி என்னையத்தான் காப்பாத்தியிருக்கு. நான் அதை மாமியார்னு சொல்லிட்டுத் திரியிறேன்.

அட, நீங்க எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நாலு மணிக்கு. அதுக்கு முன்னாடி மேனேஜருக்குக் குடுக்குற உங்க ரிப்போர்ட்டுத் தாள் சரியா இருக்கணும்ல. மூணாங்கிளாஸோட நின்ன ஆளு நான், எனக்கு எழுத வராது. நீங்க எழுதுங்க. வண்டியில குறை இல்லன்னு எழுதுங்க. அதுக்குக் கீழ, டிரைவர் வலது கால்னு எழுதுங்க. மழுப்பாதீங்க, கால்னே எழுதுங்க. எழுதிட்டீங்களா? படிங்க கேப்போம்.

ம். அந்தப் பேனாவ இப்படிக் குடுங்க, கையெழுத்து மட்டும் போடத் தெரியும். கை நல்லாத்தான் இருக்கு.