பதினேழாம் நம்பர் கிருமி

— கையை எடு தங்கச்சி! மூடியைத் தொடாதே. கையுறை போட்டுக்கிட்டு நானே மூச்சைப் பிடிச்சுத்தான் திறப்பேன்.

— தொடலை ஹிலால் அண்ணே. சும்மா குனிஞ்சு பார்த்தேன். இதுல அவரு எது?

— அவரு இல்லம்மா, அவரு வாயில இருந்த கிருமி. முன்னாடி ரெண்டு பல்லு போயி, தாடையில திருகு முடுக்கிப் புதுப் பல்லு வச்சோமில்ல? அந்தத் திருகைச் சுத்தி சீழ் வச்சப்ப டாக்டரம்மா நெர்மீன் பஞ்சுக் குச்சியால ஒத்தி எடுத்தாங்க. அதோ, பதினேழுன்னு எழுதின தட்டு.

— கீழே பென்சில்ல 'பக்கீத்'னு அவரு பேரு இருக்கே.

— அது நான் எழுதினது. பேர் எழுதக் கூடாது, நம்பர் மட்டுந்தான். டாக்டரம்மா பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லல.

— உசுரோட இருக்கா?

— இருக்கு. புதன்கிழமைக்குப் புதன்கிழமை புதுத் தட்டுக்கு மாத்திருவேன். மாத்தலைன்னா செத்துப்போயிரும். பதினாலு மாசமா நான்தான் இதுக்குச் சோறு போடறேன்னு வச்சுக்கயேன்.

— அந்த மனுசன் நம்ம தந்தா ஊரு மண்ணுக்குள்ள போயிப் பதினாலு மாசம். இது இங்க கொழுகொழுன்னு இருக்கு. என்ன அநியாயம் அண்ணே இது!

— இன்னியோட சரி. மத்தியான ளுஹர் தொழுகை முடிஞ்சதும் எல்லாத் தட்டையும் அந்த நீராவிக் கொப்பரையில போட்டு அவிச்சுரணும். டாக்டரம்மா உத்தரவு. ஆராய்ச்சியையே மூடறாங்க.

— தெரியும். உங்க வீட்டம்மா காய்கறிக் கடையில வச்சுச் சொன்னா. அதான் முக்காட்டைக் கூடச் சரியாப் போடாம ஓடியாந்தேன்.

— அவ வாய் இருக்கே, அதுக்கு ஒரு பூட்டு செஞ்சு போடணும்.

— அவிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை மூடியைத் திறங்க அண்ணே. மோந்து பார்க்கணும்.

— உனக்கென்ன புத்தி கித்தி பிசகிப்போச்சா இன்ஷிராஹ்? சீழ்க்கிருமிம்மா அது!

— கடைசி வாரம் அந்த வாடை தாங்காம அடுத்த அறையில போயிப் படுத்தேன். சுவத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாரு. தூங்கற மாதிரிக் கிடந்தேன், பாவி. விடிஞ்சு போய்ப் பார்த்தா கழுத்து பானை மாதிரி வீங்கி, பேச்சு மூச்சில்ல. இன்னிக்கும் அந்தச் சுவத்துல தட்டல் கேக்குது. மகளைக் கேட்டா ஒண்ணும் கேக்கலங்கறா. எனக்கு மட்டுந்தான் கேக்குது. அன்னிக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்ல? இன்னிக்கு மோந்துட்டாவது போறேன்.

— சரியாப் போச்சு, நான் மட்டுந்தான் இப்படின்னு நினைச்சேன். மூடியைத் திறக்கறப்பல்லாம் 'என்ன ஹிலாலு, ஒரு சிகரெட்டு இருக்கா?'ன்னு முதுகுக்குப் பின்னாடி கேக்கற மாதிரியே இருக்கும். சலாம் சொல்லிட்டுத்தான் திறக்கறேன். வெளியில சொல்லிராதே, பைத்தியக்காரன்னு அனுப்பிருவாங்க.

— மருந்து பட்டா இது சாகுமா, சாகாதா? அதைச் சொல்லுங்க முதல்ல.

— அங்கதானே இருக்கு கூத்து! தள்ளி நின்னு பாரு. தட்டு முழுக்கப் படர்ந்திருக்குல்ல? நடுவுல நாலு குழி. முதல் குழியில வெறும் தண்ணி. ரெண்டாவதுல மாதுளந்தோல் சாறு. மூணாவதுல நாம பல்லு விளக்கற மிஸ்வாக் வேர். நாலாவதுல ரெண்டையும் கலந்து கிராம்பு சேர்த்தது. அந்த நாலாவதைச் சுத்தி என்ன தெரியுது?

— வட்டமாக் காலியாக் கிடக்கு. ஒண்ணுமே இல்ல.

— அவ்வளவும் செத்துப்போச்சு! பன்னெண்டு தடவை போட்டுப் பார்த்தாச்சு, பன்னெண்டு தடவையும் செத்துச்சு. இதே மருந்தைத்தான் வாய் கொப்பளிக்கச் சொல்லி நாப்பது பேருக்குக் கொடுத்தோம். முப்பத்தொம்பது பேருக்கு ஈறு ஆறிப்போச்சு. உன் வீட்டுக்காரன் ஒருத்தன் வாயில மட்டும் சாகல.

— சக்கரை இருந்துச்சே அவருக்கு.

— சக்கரைக்காரங்க இன்னும் ஒம்பது பேர் இருந்தாங்களே, அவங்களுக்கு ஆறிச்சே. ஏன், ஏன்னு அந்தக் கேள்விதான் டாக்டரம்மாவைத் தின்னுது. 'என்னை நம்பி வாயைத் திறந்த மனுசனை நானே கொன்னுட்டேன் ஹிலால்'னு இதோ இந்த முக்காலியில உக்காந்து அழுதாங்க. மருந்து உதவாதுன்னு எழுதிக் கொடுத்துட்டு வேலையையும் விடப்போறாங்க.

— விட வேணாம்னு சொல்லுங்க. அந்தம்மா மேல தப்பில்ல. மருந்து மேலயும் தப்பில்ல.

— நீ எப்பம்மா டாக்டரான?

— மருந்து அவரு வாய்க்குப் போகவே இல்ல அண்ணே. நான் கொட்டிட்டேன்.

— என்ன சொன்ன?

— புட்டியை வீட்டுக்குக் கொண்டாந்த மறுநாள் மூடியைத் திறந்தேன். குப்புன்னு சாராய வாடை.

— அட அல்லாவே! அது ஸ்பிரிட்டும்மா. தோலும் வேரும் வெறும் தண்ணியில சத்தை இறக்காது. ஸ்பிரிட்டுல ஊற வச்சுத்தான் எடுப்போம், புட்டியில கொஞ்சம் தங்கத்தான் செய்யும்.

— எனக்கு யாரு சொன்னா? அவரு 'மருந்துடி'ன்னாரு. பதினோரு வருசம் கல்யாண ஊர்வலத்துல மிஸ்மார்க் குழல் ஊதிட்டு வருவாரு, இடுப்புல ஒரு புட்டியோட. இருமல் மருந்தும்பாரு, மூட்டு மருந்தும்பாரு. எந்தப் புட்டியை அந்த மனுசன் மருந்து இல்லன்னு சொல்லியிருக்காரு? அப்புறம் மக நிக்காஹ் அன்னிக்கு எங்க அம்மா முன்னாடி குர்ஆன் மேல கை வச்சுக் குடியை விட்டாரு. மூணு வருசம் தொடலை. மறுபடி ஆரம்பிச்சுட்டாருன்னு நினைச்சேன். அப்படியே சாக்கடையில ஊத்திட்டேன்.

— ஊத்திட்டு?

— பால் ஊத்தாத கட்டன் தேத்தண்ணி காய்ச்சி, ஆற வச்சு, ரெண்டு கிராம்பைத் தட்டிப் போட்டு புட்டியை நிரப்பி வச்சேன். நிறம் அச்சு அசல். குறையக் குறைய நிரப்பினேன். சாயங்காலமானா என் எதிர்ல நின்னு கொப்பளிச்சுத் துப்பிட்டு 'எட்டிக்காயாக் கசக்குதுடி'ன்னு மூஞ்சியைச் சுளிப்பாரு. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவேன். நடிக்கிறான் பாரு, தேத்தண்ணின்னு கூடத் தெரியல திருடனுக்குன்னு.

— இதை ஏம்மா அன்னிக்கே சொல்லல?

— துக்கம் கேக்க டாக்டரம்மா வந்தப்பத்தான் ஸ்பிரிட்டு சமாச்சாரமே தெரியும். காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் வாய் வரலை. திருந்தின மனுசனைச் சந்தேகப்பட்டுக் கொன்னவ நான். அவரு சும்மாவா தட்டறாரு? நியாயம் கேட்டுத் தட்டறாரு. போங்க, டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வாங்க. போலீசைக் கூப்பிட்டாலும் சரி, நின்னு சொல்றேன்.

— உக்காரு.

— உக்கார மாட்டேன்.

— உக்காருன்னா உக்காரு! நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போ. பதினாலு மாசமா எனக்குந்தான் தொண்டையில முள்ளு. நீ கொட்டின மூணாம் நாளு அவன் இங்க வந்தான். 'பொண்டாட்டி மருந்தைக் கொட்டிட்டுத் தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கா. பாவம், பயப்படறா, அவகிட்டக் கேட்டுராதே. வேற புட்டி குடு'ன்னான்.

— தெரியுமா? அவருக்குத் தெரியுமா?

— முதல் வாயிலயே தெரிஞ்சுபோச்சாம். உன் எதிர்ல அந்தத் தேத்தண்ணியைக் கொப்பளிச்சது உன் மனசு நோகக் கூடாதுன்னுதான். நான் டாக்டரம்மாவுக்குத் தெரியாம இன்னொரு புட்டி கொடுத்தேன்.

— அப்ப மருந்து அவருகிட்ட இருந்துச்சா? வெளியில வச்சுக் கொப்பளிச்சாரா? பின்னே ஏன் அண்ணே சாகல இந்தச் சனியன்?

— நானும் கொப்பளிக்கிறான்னுதான் நினைச்சேன். நாலு நாள் கழிச்சு வந்தான், கீழே விழுந்து உடைஞ்சு போச்சுன்னான். கொடுத்தேன். அப்புறம் பஸ்ஸுல மறந்துட்டேன்னான். தவுலுக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்னான். சிரிச்சுச் சிரிச்சுக் கேப்பான், நானும் சிரிச்சுக்கிட்டே கொடுத்தேன், மடையன். ஒரு புட்டி ஒரு மாசத்துக்கு வரும் தங்கச்சி. மூணு வாரத்துல பதினோரு புட்டி வாங்கிட்டுப் போயிருக்கான்.

— பதினோரு புட்டி எதுக்கு?

— அதைத் துக்க வீட்டுல தவுலுக்காரன் அஷ்மாவிதான் என் காதைக் கடிச்சான். ஊர்வல வண்டியில உக்காந்து சோடாவுல கலந்து மடமடன்னு. ஒரு சொட்டுக் கூடத் துப்பலை. திருகுகிட்ட நின்னாத்தானே மருந்து வேலை செய்யும்? அத்தனையும் வயித்துக்குப் போச்சு. உன் மூக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு. வேலை போயிருமேன்னு நான்தான் வாயை மூடிக்கிட்டேன். இதோ டாக்டரம்மாகிட்டத்தான் போறேன், என்னைத் துரத்தினாலும் சரி. தங்கச்சி? அழறியா, சிரிக்கிறியா? நான் சொல்லியிருக்கக் கூடாது. செத்துப்போனவனை இனி எதுக்கு...

— இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணே. அவரு குடிச்சாருன்னு வாயைத் திறந்து சொல்லுங்க.