மேட்டுக்கொல்லையில் ஓர் ஆசனம்

மின்விசிறி சுழலாத கொட்டகையிலும் புன்னகை குறையாமல் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் ஹயாத் பாஷா அவர்களே! ரயிலைக்கூட விட்டுவிட்டு எனக்காக நிற்கும் ஆலைத் தோழர்களே! பிள்ளையை மடியிலும் காதை என் பக்கமும் வைத்திருக்கும் தாய்மார்களே! தொழிற்பேட்டைக்கு நிலக்குறிப்பு எழுதும் அதிகாரி பராசரன் அவர்களே! பக்கத்துக் கொல்லைக்காரன் ஆதிகேசவன் வணங்குகிறேன்.

ஆலை வேண்டாம் என்று சொல்லவா வந்தேன்? என் மகனே அங்கே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான். ஆனால் என் பக்கத்துக் கொல்லைக்காரர் தணிகாசலத்தின் மேட்டுக்கொல்லை தரிசாம்! விளைந்த நிலமென்றால் தொழிற்பேட்டை வேலி விலகிப் போகும். தரிசென்றால் வளைத்துப் போடும். இன்றைய வழக்கு அதுதான்.

இந்த எழுபத்து மூன்றாம் வருடச் சித்திரையில் நம் அதிகாரி வந்தார். வெயிலோ வெயில். புங்கமரத்தடியில் கிடந்த கல்லில் அமர்ந்தார். சுகமாகக் குழிவாக இருக்கிறதே என்று மெச்சினார். பங்குனியில்தான் வேர்க்கடலை பிடுங்கினேன் என்று தணிகாசலம் கெஞ்சினார். கேட்டாரா?

"அதெல்லாம் செல்லாதுய்யா. இங்க பயிர் வெச்சதுக்குப் பழைய அடையாளம் இருந்தா காட்டு."

தரிசு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அங்கே யாரப்பா சிரிப்பது? பொறு, சிரிப்பு இனிமேல்தான்.

மறுவாரம் திருவள்ளூரிலிருந்து வரலாற்று ஆசிரியை வைஜயந்தி பழங்காலப் பொருள் தேடி வந்தார். தீட்டிய கற்கோடரி பொறுக்கினார். கையால் வனைந்த பானை ஓடுகள் பொறுக்கினார். புங்கமரத்தடிக் கல்லைப் பார்த்ததும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். இரும்பே அறியாத காலத்துக் குடியானவர்கள் தானியம் அரைத்த கல்லாம் அது! அரைத்து அரைத்தே விழுந்த குழியாம் அது!

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "இன்னாம்மா சொல்றீங்க? அப்போ அந்த சார் அது மேல குந்திகினுதான் இங்க ஒருத்தனும் பயிர் வைக்கலன்னு எழுதினாரா?"

ஆமய்யா, ஆமாம்! எவ்வளவு பழைய அடையாளம் ஐயா வேண்டும் உங்களுக்கு? கோட்டை பிறக்கும் முன்னே, கோயில் பிறக்கும் முன்னே, வரி பிறக்கும் முன்னே... வரி என்றதும் கைதட்டுகிறீர்களே! பட்டா பிறக்கும் முன்னே இங்கே பசி பிறந்தது, பசிக்கு அரைத்த கை பிறந்தது! அந்தக் கை தேய்த்த குழியில்தான் ஐயா நீங்கள் சுகம் கண்டீர்கள்.

உங்கள்மேல் கோபமில்லை. இந்த ஊரே அதில் குந்தித்தான் பீடி பிடித்தது. மேடையோரம் துண்டு மூடிக் கிடப்பது அந்தக் கல்தான். அன்று அதில் உட்கார்ந்து எழுதினீர்கள். இன்றும் உட்காருங்கள், எழுதுங்கள்.

எழுந்துவிட்டார்! துண்டை விலக்குகிறார். அடடே, கல்லில் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின் எதிரே தரையில் சம்மணம் போடுகிறார். பையிலிருந்து குறிப்பை எடுத்தாயிற்று, பேனாவைத்தான் காணோம். யாரப்பா, பேனா கொடுங்கள்!

தரிசு என்ற சொல்லை அடிக்கிறார், தாய்மார்களே. அரைத்த கைகளுக்கும், கல்லைச் சுமந்து வந்த தோள்களுக்கும், அடித்த பேனாவுக்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.