தண்ணீர் குடிக்காத வேட்பாளர்

அறுபதுகளின் கடைசியில், உள்ளாட்சித் தேர்தல் சமயம். தாம்பரத்திலிருந்து பீச் போகும் காலை மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிக்குக் காலையில ஒருத்தர் வோட்டு கேட்டு வந்தார் சார். தண்ணி குடுத்தா வேண்டாம்னுட்டார்," என்றார் கண்ணாடி போட்டவர்.

"யாரு, அந்த வக்கீலா?" என்றார் பெரியவர்.

"வக்கீல் நேத்தே வந்தார். ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு, உங்க தெருக் கிணத்துத் தண்ணி இளநி மாதிரி இருக்குன்னார். இவர் கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டுறவர்."

"அவருக்கு எலெக்‌ஷன்ல என்ன வேலை?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'இந்த மழைக்கப்புறம் உங்க தெருவுக்கு மட்டும் நாலு குழி வெட்டிக்கீறேன் சார். நாலும் சின்னக் குழி. நாலு கொயந்தையும் அந்தக் கெணத்துத் தண்ணிதான் குடிச்சுது. முனிசிபாலிட்டி ஆபீஸ்ல சொன்னா எவனும் காதுல போட்டுக்கல, அதான் நிக்கிறேன்'னார்."

வண்டி குரோம்பேட்டையைத் தாண்டியது.

"வாசல்ல நின்ன என் பொண்ணைத் தலையிலேருந்து கால் வரைக்கும் பார்த்தார். 'ஆறு வயசுதானே'ன்னார். எப்படித் தெரியும்னேன். 'உசரத்தப் பாத்தாலே தெரிஞ்சுடும் சார்'னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

சொன்னவர் இப்போது சிரிக்கவில்லை. பல்லாவரத்தில் வண்டி நின்றதும் எழுந்துவிட்டார்.

"ஆபீஸ் வரலையா?"

"ஸ்கூல் போறப்ப அவளுக்கு பாட்டில்ல தண்ணி ரொப்பிக் குடுப்பாங்க சார்."

எங்கள் வண்டி நகர்ந்தபோது, தாம்பரம் போகும் வண்டியை எதிர்பார்த்து அவர் பிளாட்பாரத்தின் நுனியில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய செருப்பு எங்கள் இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது.