ஒரு ஊசி குறையுது

பாலகுரு: கிட்ட வராத வேம்பு. அங்கியே நில்லு.

வேம்பு: என் வூட்டு வாசல்லயே என்னக் கிட்ட வராதன்னு சொல்ல நீ யாருண்ணே? மொதல்ல அந்தப் பொட்டிய நிறுத்து. தோள்ல தூங்கற புள்ள முழிச்சிக்கும்.

பாலகுரு: நிறுத்தக் கூடாதும்மா. நீ ஒரு அடி முன்னால வச்சா அது பத்து தடவ கத்துது. கேளு... கடுகு வெடிக்கிற மாதிரி.

வேம்பு: போன மாசம் வரைக்கும் எங்கிட்ட சங்கராமீனு பேரம் பேசிக்கிட்டிருந்த ஆளு. கிளினிக்குல எக்ஸ்ரே ரூமு கதவத் தெறந்து வுடற பாலகுரு அண்ணன். கழுத்துல பொட்டி மாட்டிக்கிட்டா டாக்டராயிடுவியா?

பாலகுரு: டாக்டரு மெட்ராசு போயிருக்காரு. நடக்க ஆளு இல்லன்னு என் கழுத்துல மாட்டிட்டாங்க. எனக்கு என்ன ஆசையா?

வேம்பு: குப்பத்துல என்னா பேசிக்கறாங்க தெரியுமா?

பாலகுரு: என்னா?

வேம்பு: செத்தவங்க மூச்சக் கேக்கற பொட்டியாம் அது. புயல்ல போனவங்க எங்க கெடந்தாலும்...

பாலகுரு: எவன் சொன்னது?

வேம்பு: எல்லாருந்தான். ...நெசமாண்ணே? மண்ணுக்கு அடியில இருந்தாக்கூட காட்டிடுமா?

பாலகுரு: செத்தவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது தேடறது ஒரு ஊசிய.

வேம்பு: ஊசியா? அடப்பாவி, அதுக்கா இத்தினி ஆர்ப்பாட்டம்! வலை பின்ற ஊசி நாலு கெடக்குது, எடுத்துட்டுப் போ. வேற ஊசி எதையும் நான் பாக்கல.

பாலகுரு: வெளையாடாதம்மா. புயலன்னிக்கி கடலு ஏறி வந்து எங்க கிளினிக்கு பின்சொவத்தத் தள்ளிடுச்சில்ல? அங்க ஒரு ஈயப் பொட்டியில ஏழு ஊசி இருந்துச்சு. ரேடியம் ஊசி. முன்ன இருந்த பிராஞ்சு டாக்டரு தெல்மாஸ் மிசே பாரீசுலேர்ந்து கொண்டாந்தது. புத்துநோய்க்காரங்க ஒடம்புல வச்சிக் கட்டுவாங்க, கட்டியக் கருக்கறதுக்கு. பொட்டி ஒடஞ்சி எல்லாம் கடலோட போச்சு. பத்து நாளா கரையெல்லாம் நடந்து ஆறு எடுத்துட்டோம். ஒண்ணு கொறையுது.

வேம்பு: பிராஞ்சுக்காரன் கொடி எறங்கி ரெண்டு வருஷம் ஆவுது. அவன் ஊசிக்கு நீ இன்னும் ஓடிக்கிட்டிருக்க. ...அது மின்னுமாண்ணே?

பாலகுரு: மின்னாது. சுடாது. வாசனை கெடையாது. சும்மா கெடக்கும். பக்கத்துல இருக்கறவங்கள மட்டும் எரிச்சிக்கிட்டே இருக்கும், ஒரு சத்தம் போடாம.

வேம்பு: பயமுறுத்தாத.

பாலகுரு: எனக்கே பயமாத்தான் இருக்குது. நாப்பது வூடு தாண்டி வந்தேன். அங்கெல்லாம் பொட்டி தூங்குச்சு. உன் வூட்டுச் சந்து திரும்புனேன் பாரு... முழிச்சிக்கிச்சு.

வேம்பு: அடுப்புச் சூட்டுக்குக் கத்துதோ என்னமோ.

பாலகுரு: அடுப்பு அந்தாண்ட இருக்குது. இது உன்னப் பாத்துதான் கத்துது.

வேம்பு: மெதுவாப் பேசேன்! உள்ள அத்தை இருக்காங்க.

பாலகுரு: பக்கிரியோட அம்மாவா? எப்பிடி இருக்காங்க?

வேம்பு: எப்பிடி இருப்பாங்க? மூணு புள்ளையில ரெண்ட முன்னயே கடலு கொண்டு போச்சு. புயலன்னிக்கி கடலுக்குப் போன எம்புருஷன், இப்ப இவரையும் காணோம். முனிசிபாலிட்டி மேரி ஆபீசுலேர்ந்து செத்தவங்க பேரு எழுத வந்தாங்க. எம்புள்ள பேர எழுதாதன்னு அத்தை காயிதத்தப் புடுங்கிட்டாங்க. காலையில என் கழுத்தத் தடவிப் பாத்துட்டுத்தான் ஒரு வாய் கஞ்சி குடிக்கறாங்க. கயிறு இருந்தா புள்ள இருக்கான்னு அவங்க நெனப்பு.

பாலகுரு: கழுத்துல... வேற என்னா போட்டிருக்க வேம்பு?

வேம்பு: தாலி. வேற என்னா போடுவாங்க?

பாலகுரு: தாலியோட சேத்து? பொட்டிய அங்க நீட்டுனாத்தான் இந்தக் கத்து கத்துது. சொல்லும்மா.

வேம்பு: அது ஊசி இல்லண்ணே. சத்தியமா. ரெண்டு நெல்ல சேத்து வச்ச நீளத்துக்கு ஒரு குழாய். வெள்ளையா. முனையில காது இருக்குது, கயித்துல கோக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி...

பாலகுரு: அதாம்மா அந்த ஊசி! நூலு கட்டி இழுக்கறதுக்கு வச்ச காது அது! எத்தினி நாளா போட்டிருக்க?

வேம்பு: ஆறு நாளா. கரையில கெடச்சுது. கடலு எங்கிட்டேர்ந்து எடுத்ததுக்குப் பதிலா குடுத்துச்சுன்னு நெனச்சேன்.

பாலகுரு: நெஞ்சுல என்னா செவப்பா?

வேம்பு: வேர்க்குரு.

பாலகுரு: கார்த்திக மாசத்துலயா?

வேம்பு: ...கொப்புளமாயிருக்குது. எரியுது. அம்மா போட்டிருக்குதோன்னு மஞ்சத் தடவுனேன்.

பாலகுரு: புள்ளைய எங்க தூங்க வைக்கற?

வேம்பு: எங்க தூங்க வைப்பாங்க? என் நெஞ்சு மேலதான்.

பாலகுரு: அவுத்துடு.

வேம்பு: என்னது?

பாலகுரு: இப்பவே அவுத்துடு! பாப்பா கன்னத்தப் பாரு. ஒரு பக்கம் மட்டும் செவந்திருக்குது பாரு!

வேம்பு: ஐயோ... எறும்பு கடின்னுல்ல நெனச்சேன்... பால் குடிக்கறப்ப அந்தக் கன்னந்தான்...

பாலகுரு: கயித்த அவுத்து அத எடுத்துக் குடு. வேற கயிறு கட்டிக்கோ. அவ்ளோதான்.

வேம்பு: அவ்ளோதானா? ஆம்பளைக்கு வாயில சுளுவா வருது. அவுத்தா... திரும்பிக் கட்ட எனக்கு யாருண்ணே இருக்காங்க? ஏன் அப்பிடிப் பாக்கற?

பாலகுரு: அவனே கட்டுவான்.

வேம்பு: யாரு?

பாலகுரு: பக்கிரிதான். கொஞ்சம் தேறட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். கடலூரு ஆஸ்பத்திரியில இருக்கான். உசுரோட. கட்டுமரத்தோட அங்க ஒதுங்கியிருக்கான். எங்க ஆளு ஒருத்தரு கண்ணால பாத்துட்டு வந்தாரு.

வேம்பு: பேசுறாரா?

பாலகுரு: நல்லாப் பேசுறான். உன்னையும் பாப்பாவையும் கேட்டானாம்.

வேம்பு: அவங்க அம்மாவ?

பாலகுரு: அம்மாவத்தான் மொதல்ல கேட்டானாம்.

வேம்பு: ...அப்பிடியா. சரிண்ணே. புள்ளையப் புடி. எங்கிட்டேர்ந்து தள்ளிப் போய் நில்லு. இன்னும் தள்ளி.

பாலகுரு: நிக்கறேன். நீ அவுத்துடு.

வேம்பு: முடிச்சு வரல. உப்புத்தண்ணியில ஊறி இறுகிப் போச்சு. பல்லால...

பாலகுரு: வாய் வைக்காத! கத்தி இல்லியா?

வேம்பு: தாலிக்கயித்துல கத்தி வைக்கச் சொல்றியா?

பாலகுரு: ...தப்புதான். நகத்தால பாரு. மெதுவா.

வேம்பு: இரு... வந்துடுச்சு. இந்தக் குழாய எங்க போடணும்?

பாலகுரு: சந்து முனையில ஈயக் குடுவை வச்சிருக்கேன் பாரு. அதுல போடு. மூடியத் திருகு. நல்லாத் திருகு. இப்ப இங்க வா.

வேம்பு: ...சத்தம் நின்னுடுச்சு.

பாலகுரு: ம்.

வேம்பு: என்னமோ மாதிரி இருக்குது. கடலு சத்தமே இப்பத்தான் காதுல வுழுது.

பாலகுரு: ஆடாம நில்லு. பொட்டிய மேல காட்டறேன்... ஒண்ணுமில்ல. பாப்பாவுக்கும்... ஒண்ணுமில்ல.

வேம்பு: இவ கன்னம் ஆறிடுமா?

பாலகுரு: லேசாத்தான் செவந்திருக்குது. ஆறிடும்னுதான் நெனக்கறேன். உன் புண்ணுதான் ஆழம். நாளைக்கி டாக்டரு வந்துடுவாரு. ரெண்டு பேரும் வந்துடணும்.

வேம்பு: எனக்கு இருக்கட்டும். இவளக் குடு.

பாலகுரு: வேம்பு...

வேம்பு: போயிட்டு வாண்ணே.

பாலகுரு: இல்ல. ஒண்ணு சொல்லணும். சொன்னா நீ என்னச் செருப்பால அடிப்ப.

வேம்பு: அப்ப சொல்லாத.

பாலகுரு: சொல்லாம போனா சோறு எறங்காதும்மா. கடலூருல யாரும் இல்ல. நீ அவுக்கணுமேன்னு நானா கட்டி வுட்டது அது...

வேம்பு: தெரியும்ணே.

பாலகுரு: தெரியுமா? எப்பிடித் தெரியும்?

வேம்பு: ஆறு நாளைக்கி முன்ன விடியக்கால அவரு கரைக்கு வந்துட்டாரு. அவரு இடுப்புத்துண்டு மடிப்புலதான் அந்தக் குழாய் சிக்கியிருந்துச்சு. நான் ஒருத்தியே மண்ணப் பறிச்சி அவரப் பொதைச்சேன். அத்தைக்குக் கேட்டுடும்னு வாய் வுட்டு அழக்கூட இல்ல. புள்ளைக்காக இப்ப கயித்த அவுத்துட்டேன், உள்ள போனா கழுத்தத் தடவுவாங்க. நீ முன்னால போயி, எங்கிட்ட சொன்னியே கடலூரு ஆஸ்பத்திரின்னு... அத அப்பிடியே அவங்ககிட்டயும் சொல்லிடுண்ணே.